தீராத பாட்டில்

பரக்கத் அலி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே பேட்ரிசியாவைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு பொம்பளை எப்படி இவ்வளவு நல்லா இருக்காங்கன்னு கண்டுபிடிச்சுத் தரணும். உங்களால முடியுமாங்க?"

மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடியில் இருந்த பீமராவ் துப்பறியும் நிலையத்தில் அவள் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஓடிப்போன மகனைத் தேடச் சொல்லி வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி வந்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறவள் மேல் புகார் சொல்ல வந்த முதல் ஆள் இவர்தான்.

"அது பக்கத்து வீட்டுக்காரங்க சும்மாவே செய்யற வேலையாச்சுங்களே," என்றாள்.

பீமராவ் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பேட்ரிசியா நோட்டை எடுத்தாள்.

பரக்கத் அலிக்குப் பெரிய கடைவீதியில் அத்தர் கடை. மகள் மஹ்ஜபீனுக்கு இருபத்து மூன்று வயது. பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. மாத்திரையில் கட்டுப்பட்டு, ஆறு வருடமாக எட்டியே பார்க்கவில்லை. போன வருடம் தோழி ஒருத்தி அவளைத் தில்லை நகரில் 'தெளிமனை' என்ற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி மாத்திரையை நிறுத்தியிருக்கா. எங்களுக்குத் தெரியாது. போன திங்கக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டா. பின்மண்டையில பதினோரு தையல். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் மாத்திரை வேணாங்குறா. வாயில வெச்சா துப்பிடுறா. இன்னொரு தடவை பெருசா வந்தா என்ன ஆகும்னு சொல்ல முடியாதுங்குறார் டாக்டர்."

"ஏன் வேணாங்குறாங்க?" பீமராவ் கேட்டார்.

"எல்லாமே பழைய வலியோட நினைப்புல இருந்துதான் வருதாம். அதைச் சொல்லிச் சொல்லித் தீர்த்துட்டா நோய் போயிடுமாம். மாத்திரை போட்டா அந்த நினைப்பு உள்ளேயே தங்கிடுமாம். அதுக்கும் மீறி நோய் வந்துச்சுன்னா, நம்ம வளர்ச்சி பொறுக்காத ஒரு ஆள் பக்கத்துலயே இருக்காங்கன்னு அர்த்தமாம். 'தடையாளி'ன்னு பேர் வெச்சிருக்காங்க." அவர் குரல் இறங்கியது. "எம் பொண்ணு இப்ப என்னையும் அவ அம்மாவையும் மாத்தி மாத்திப் பார்க்குறா. நாங்க ரெண்டு பேர்ல யாருன்னு யோசிக்குறா."

பேட்ரிசியா கேலியை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"அந்த நல்லா இருக்கிற பொம்பளை?"

"தேவதர்ஷினி. ஸ்ரீரங்கம். அவங்களுக்கும் இதே வலிப்புதான். முன்னாடியெல்லாம் ஒரு வாரம் மாத்திரை விட்டாலே வந்துடுமாம். இப்ப நாலு மாசமா மாத்திரையே இல்லையாம். ஒரு தடவைகூட வரலையாம். அவங்க வீட்டுக்காரர் செந்தமிழன்தான் அங்க கிளாஸ் எடுக்குறவர், எம் பொண்ணுக்கும் அவர்தான். ஞாயித்துக்கிழமை அந்தம்மாவை மேடை ஏத்திப் பேச வைக்கிறாங்க. 'அவங்களால முடியுது, என்னால முடியலைன்னா குறை என்கிட்டதான் அத்தா'ங்குறா எம் பொண்ணு. அது நிஜம்னா எனக்கு அல்லாஹ் விட்ட வழி. பொய்னா, அதை அவ கண்ணுல காட்டணும்."

அன்று வியாழக்கிழமை.

அவர் போன பிறகு பேட்ரிசியா நோட்டை மூடினாள். "என்ன சார் இது, புதுசா இருக்கு?"

"பாதிதான் புதுசு. சயின்டாலஜின்னு அமெரிக்காவுல ஆரம்பிச்ச அமைப்பு ஒண்ணு இருக்கு. மனநல வைத்தியம்னாலே அவங்களுக்கு ஆகாது. ஆனா கால் ஒடிஞ்சா டாக்டர்கிட்ட போகச் சொல்லுவாங்க. அந்தப் புத்தகங்களைப் படிச்சுட்டு நம்ம ஊர்ல தனியா போர்டு மாட்டினதுதான் இந்தத் தெளிமனை. வலிப்பு மாத்திரையைத் தடை செஞ்சது இவங்களோட சொந்தச் சரக்கு."

"அப்ப அந்தம்மா திருட்டுத்தனமா மாத்திரை முழுங்குறாங்க. கேஸ் முடிஞ்சுது சார்."

"காலையில ஆறு மணிக்கு ஸ்ரீரங்கத்துல இரு."

*

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு அம்மாமண்டபம் ரோட்டு அபார்ட்மென்டிலிருந்து சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று வெளியே வந்தது. தேவதர்ஷினி, முப்பத்தாறு வயது. ஹெல்மெட்டுக்குள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சிந்தாமணியில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள் என்று கீழ்வீட்டுப் பால்காரரிடம் பேட்ரிசியா ஏற்கெனவே கறந்திருந்தாள்.

ஸ்கூட்டர் திரும்பிய அரை நிமிடத்தில் அதே வாசலிலிருந்து ஒரு பைக் புறப்பட்டது. நீலச் சட்டை, சாப்பாட்டுப் பை. செந்தமிழன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை.

காவிரிப் பாலம் முழுக்க அவன் மனைவிக்குப் பின்னால் இரண்டு ஆட்டோ தூரத்திலேயே வந்தான். அவள் வேகம் எடுத்தால் எடுத்தான், குறைத்தால் குறைத்தான். முந்தவுமில்லை, கூப்பிடவுமில்லை. அவள் டியூஷன் சென்டருக்குள் வண்டியை நிறுத்தியதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பிப் பொன்மலைப் பக்கம் பறந்தான்.

"புருஷன் சந்தேகப் பேர்வழி சார்," என்றாள் பேட்ரிசியா போனில். "பொண்டாட்டி எங்க போறா, யாரைப் பார்க்குறான்னு வேவு பார்க்குறாரு."

"அவன் கண்ணு எங்க இருந்துச்சு? போறவங்க வர்றவங்க மேலயா?"

யோசித்துப் பார்த்தாள். "இல்லை சார். அவங்க வண்டிச் சக்கரத்து மேலயே இருந்துச்சு."

"சரி. பதினொரு மணிக்கு அந்தம்மாவைப் போய்ப் பாரு."

*

தான் தூக்கம் வராமல் மாத்திரை போடுகிறவள், அற்புதத்தைக் கேள்விப்பட்டு வந்திருப்பதாகப் பேட்ரிசியா சொன்னதும் தேவதர்ஷினி கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். இப்படி ஒரு கள்ளம் கபடமில்லாத முகத்தைச் சந்தேகப்படுவது பேட்ரிசியாவுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டாள்.

"பதினெட்டு வயசுல இருந்து ஸ்கூட்டர் ஓட்டணும்னு ஆசைங்க. டாக்டர் கூடவே கூடாதுன்னுட்டாங்க. எங்க போகணும்னாலும் யாராவது கொண்டுபோய் விடணும். இப்ப பாலத்துல தனியா போறேன். அந்தக் காத்து முகத்துல அடிக்கும்போது... உங்களுக்குச் சொன்னா புரியாது."

தனியாகப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. பேட்ரிசியா அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

"ஒரு மாத்திரைகூட போடறதில்லையா?"

"இந்தச் சத்து மாத்திரை மட்டும்தான். தெளிமனையில எல்லாருக்கும் தர்ற பி காம்ப்ளெக்ஸ். காலையில ஆறு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு. இருங்க, மோர் கொண்டு வரேன்."

சாப்பாட்டு மேஜையில் பழுப்பு நிறப் பாட்டில் இருந்தது. தெளிமனை லேபிள். முப்பது மாத்திரைகள். கீழே மார்க்கர் பேனாவால் 'தேவி – ஜூன் 3' என்று எழுதியிருந்தது. பேட்ரிசியா ஓசைப்படாமல் மூடியைத் திறந்து எண்ணினாள். இருபத்து இரண்டு. மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றை எடுத்து இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

மோர் வந்தது. "இந்த ஒரே பாட்டில்தானா இத்தனை நாளா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"அதே பாட்டில்தான்," என்று சிரித்தாள் தேவதர்ஷினி. "தீரவே மாட்டேங்குது."

*

தில்லை நகரில் தெளிமனை ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இருந்தது. தலைவி பிரேமலதா கஞ்சி போட்ட காட்டன் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக வரவேற்றாள். போன வாரம்தான் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டாளாம்.

"ஆஸ்பத்திரி பக்கமே போகக்கூடாதுன்னு நினைச்சேன் மேடம்," என்றாள் பேட்ரிசியா.

"தப்பா சொல்லியிருக்காங்க. கண்ணு உடம்பு. உடம்புக்கு டாக்டர். நாங்க அதுக்கு எதிரியா என்ன? மனசையும் மூளையையும் மழுங்கடிக்கிற மருந்துதான் வேணாம்ங்கறோம்."

"மூளையும் உடம்புலதானே மேடம் இருக்கு? தனியா வாடகை வீடு எடுத்தா தங்கியிருக்கு?"

பிரேமலதா கோபப்படவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைக் கனிவோடு பார்த்தாள். "இவ்வளவு கேலி பேசறவங்க உள்ளுக்குள்ள ரொம்ப அடிபட்டிருப்பாங்க. வீட்ல உங்ககூட யாரும்மா இருக்காங்க?"

"அம்மா."

"நீங்க எதையாவது புதுசா செய்யணும்னா முதல்ல வேணாம்னு சொல்றது அவங்கதானே?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், பாலக்கரை வீட்டில் புளி ஊறவைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் முகம் பேட்ரிசியாவுக்கு விகாரமாகத் தெரிந்தது. இந்த வேலையில் சேராதே என்று சொன்னவள்தானே. போன வருடம் சென்னைக்குப் போகவிடாமல்...

உடம்பை உதறிக்கொண்டு எழுந்தாள். சத்து மாத்திரை ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே டீக்கடையில் பீமராவ் காத்திருந்தார். பேட்ரிசியா புதுப் பாட்டிலைத் திறந்து அவர் மூக்கின் கீழ் நீட்டினாள்.

"பி காம்ப்ளெக்ஸ்," என்றார் முகத்தைச் சுளித்து. "அரை பர்லாங்கு மணக்கும்."

"ஸ்ரீரங்கத்துப் பாட்டில் மணக்கவே இல்லை சார். பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு. இன்னொண்ணு. முப்பது மாத்திரை பாட்டில். ஒரு நாளைக்கு ரெண்டு. பதினஞ்சு நாள்ல காலியாகணும். ஜூன்ல ஆரம்பிச்சு இப்ப அக்டோபர். இன்னும் இருபத்து ரெண்டு மிச்சம். பாட்டிலா, அட்சய பாத்திரமா? உள்ள இருக்கிறது வலிப்பு மாத்திரை. லேபுக்கு அனுப்பலாமா?"

"திங்கக்கிழமைதான் பதில் வரும். நமக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். நிரப்பறது யாருன்னு சொல்லு."

"பிரேமலதா. மேடையில காட்ட ஒரு அதிசயம் வேணும்ல?"

"அவங்க கொடுக்கிற பாட்டில்தான் மணக்குதே. மாத்தறது இங்க இல்லை, ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள்ள."

"அப்ப தேவதர்ஷினியேதான். ஊரை ஏமாத்துறாங்க."

"தானே திருட்டு மாத்திரை போடறவ, அதை வந்தவங்க கைக்கு எட்டற இடத்துல வெச்சுட்டு மோர் எடுக்கப் போவாளா? தீரவே மாட்டேங்குதுன்னு சிரிப்பாளா?"

பேட்ரிசியா டீயைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"சார், அவர்தான் சார் கிளாஸ்ல மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்றவரே!"

"பொண்டாட்டிக்குக் குணமாயிடுச்சுன்னு ஊருக்கே சொல்றவன், அவ ஸ்கூட்டர் எடுத்தா ஏன் பாலம் முழுக்கப் பின்னாலேயே போறான்?" பீமராவ் எழுந்தார். "அவன் யாரையும் வேவு பார்க்கலை. அவ விழுந்தா பிடிக்கப் போறான்."

*

நாலரைக்கு ஒர்க்‌ஷாப் கேட்டிலிருந்து சைக்கிளும் பைக்குமாக ஆட்கள் கொட்டினார்கள். பீமராவ் செந்தமிழனின் வண்டி முன்னால் போய் நின்றார். தன் பெயரைச் சொல்லவில்லை. உள்ளங்கையைத் திறந்து அந்த வெள்ளை மாத்திரையைக் காட்டினார்.

"உங்க வீட்டுப் பாட்டில்ல இருந்தது. சத்து மாத்திரைங்கறாங்க, ஆனா வாசனையே இல்லையே?"

செந்தமிழனின் முகம் வெளுத்தது. "பிரேமலதா மேடம் அனுப்பினாங்களா?"

பேட்ரிசியா பீமராவைப் பார்த்தாள். குற்றமில்லாதவன் 'யார் நீங்க' என்று கேட்டிருப்பான்.

"இல்லை," என்றார் பீமராவ். "மஹ்ஜபீனோட அப்பா அனுப்பினார்."

"மஹ்ஜபீனா? அவங்க படிப்புக்காக நின்னுட்டாங்கன்னு சென்டர்ல சொன்னாங்களே?"

"பஸ் ஸ்டாண்டுல விழுந்து மண்டையில பதினோரு தையலோட கிடக்குறாங்க. உங்க வீட்டம்மா மாதிரி ஆகணும்னு."

செந்தமிழன் பைக்கை ஸ்டாண்டு போட முயன்றான். முடியவில்லை. பேட்ரிசியா பிடித்துக்கொண்டாள். அவன் மதில் ஓரமாகக் குந்தினான்.

"எனக்கு ஏழு வருஷமா முதுகு வலி சார். அங்க உட்கார்ந்து பேசிப் பேசி அது போச்சு. நிஜமாவே போச்சு. அதனால நம்பினேன். நான்தான் அவளைக் கூட்டிட்டுப் போனேன். ஜூன்ல மாத்திரையை நிறுத்தினா. ஒன்பதாம் நாள் மத்தியானம் சமையல்கட்டுல விழுந்தா. அஞ்சு நிமிஷம். எந்திரிச்சப்ப அவளுக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை. 'தூங்கிட்டேன் போல'ன்னா. நானும் ஆமான்னுட்டேன்."

"அன்னிக்கே மாத்திரை வாங்கினீங்க."

"பழசு நீலமா நீளமா இருக்கும், கண்டுபிடிச்சிருவா. அதே மருந்து வேற கம்பெனியில கேட்டேன். சத்து மாத்திரை மாதிரியே வெள்ளையா உருண்டையா கொடுத்தாங்க, பாட்டில்ல மாத்திப் போட்டேன்."

"அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?" பேட்ரிசியா பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"சொன்னா எனக்கு நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். என்னாலதான் அவ விழுந்தான்னு ஆயிடும். தடையாளியோட ஒரே வீட்ல இருக்கக்கூடாது. பிரிஞ்சுடுன்னு சொல்வாங்க. அவ பிரிஞ்சிடுவா சார். அவ்வளவு நம்புறா."

"நம்ப வெச்சது யாரு?"

"நான்தான்," என்றான் செந்தமிழன்.

பீமராவ் மணி பார்த்தார். "ஆறு மணி மாத்திரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இன்னிக்கு அதை என்னன்னு சொல்லிக் கொடுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

*

தேவதர்ஷினி முழுவதையும் நின்றபடியே கேட்டாள். காலையில் வந்த பெண் ஏன் கணவனோடு வந்திருக்கிறாள் என்று ஒருமுறை பேட்ரிசியாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னிக்கு சமையல்கட்டுல நான் தூங்கலையா?"

"இல்லை தேவி."

"ஸ்கூட்டர் ஓட்ட விட்டீங்களே. அப்பவும் தெரியுமா?"

"தடுத்தா ஏன்னு கேட்பே. அதான் தினம் பின்னாலேயே வந்தேன்."

"பின்னாலேயே வந்தீங்களா!" அவள் குரல் உடைந்தது. "அந்தப் பாலத்துல நான் தனியா போறேன்னு நினைச்சேன். நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். என் உடம்புல என்ன நடக்குதுன்னு உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியலை." சுவரில் சாய்ந்துகொண்டாள். "டாக்டராவது என்கிட்ட சொல்லிட்டு மாத்திரை கொடுத்தாருங்க."

பேட்ரிசியா மெதுவாக மஹ்ஜபீனைப் பற்றிச் சொன்னாள். அவள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஏன் மாத்திரையைத் துப்புகிறாள், யாரைப் பார்த்து இப்படி ஆனாள் என்று சொன்னாள்.

தேவதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவனிடம் கையை நீட்டினாள். "நிஜ அட்டையைக் கொடுங்க."

சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து அவன் அட்டையை எடுத்தான். அவள் மருந்தின் பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தானே தண்ணீர் ஊற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ஆட்டோ கூப்பிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீங்களும் வரணும்."

*

மஹ்ஜபீன் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலையில் கட்டு. தேவதர்ஷினியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, விஷயத்தைக் கேட்கக் கேட்க அது இறுகியது. கடைசியில் அவள் பார்வை பரக்கத் அலி மேல் போய் நின்றது.

"இவங்களைப் பேச வெச்சது நீங்கதானே அத்தா? துப்பறியறவங்களை வெச்சு மிரட்டினீங்களா?"

"இல்லைம்மா, நானா..." என்று ஆரம்பித்தாள் தேவதர்ஷினி.

"உங்களுக்குக் குணமானது பொறுக்காம யாரோ உங்க மனசை மாத்திட்டாங்கக்கா. உங்க பக்கத்துலயும் தடையாளி இருக்காங்க."

தேவதர்ஷினி அட்டையைக் காட்டினாள். மஹ்ஜபீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேடிவந்த உண்மை கையில் இருந்தது. அதை வாங்கத்தான் ஆள் இல்லை. பீமராவ்கூட ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கதவருகே நின்றிருந்த செந்தமிழன் இரண்டு அடி முன்னால் வந்தான். தொண்டையைச் செருமினான். மஹ்ஜபீன் அவனையே உற்றுப் பார்த்தாள்.

"சார், ஜூலை மாசத்துக் கடைசி கிளாஸ். என்கிட்ட இருந்த மாத்திரையை வாங்கிக் குப்பைக் கூடையில போட்டீங்க. 'பயப்படாதம்மா, என் மனைவியைப் பாரு'ன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப உங்க பையில இந்த அட்டை இருந்துச்சா?"

அவன் தேவதர்ஷினி கையில் இருந்த அட்டையைப் பார்த்தான்.

"இருந்துச்சும்மா," என்றான் செந்தமிழன்.

மஹ்ஜபீன் அழவில்லை. கத்தவும் இல்லை. அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டாள்.

"அத்தா, இவரை வெளியே போகச் சொல்லுங்க." செந்தமிழன் வெளியே போனதும், வேறு குரலில் சொன்னாள். "அப்புறம் நர்ஸைக் கூப்பிடுங்க."

பரக்கத் அலி மணியை அழுத்தத் தேடினார். அவசரத்தில் அகப்படவில்லை. பேட்ரிசியாதான் எட்டி அழுத்தினாள். தட்டோடு நர்ஸ் உள்ளே போக, மற்றவர்கள் வராந்தாவுக்கு வந்தார்கள். கண்ணாடி வழியே பேட்ரிசியா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்து, வாயைத் திறந்து நர்ஸிடம் காட்டியதைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள்.

தேவதர்ஷினியின் போன் ஒலித்தது. பிரேமலதா. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்குப் பட்டியல் போடுகிறாளாம். முன்னூறு பேருக்கு மேல் வருகிறார்களாம். மேடையில் எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம் போதும் மேடம்," என்றாள் தேவதர்ஷினி. போனை அணைத்துவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த ரெண்டு நிமிஷமும் நீங்கதான் பேசப் போறீங்க."